மலர் கொண்டுவந்த நரி

1. தேத்தண்ணி போட வந்த நாள்

கடல் ஊருக்குள் வந்து போய் ஒரு மாதம் இருக்கும். தேற்றாத்தீவில் என் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. என் புருஷன் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்து முகாமில் பாய் விரித்துக் கிடந்தேன். களுவாஞ்சிக்குடி மெயின் ரோட்டில் கொமினிகேஷன் கடை வைத்திருந்த சசித் தம்பி எனக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு நாள் முகாமுக்கு வந்து, "இஞ்ச கிடந்து என்ன செய்யப் போறீங்க? கடைக்கு வாங்கக்கா. கூட்டவும் தேத்தண்ணி போடவும் ஒராள் வேணும்" என்றான். போனேன்.

கொமினிகேஷன் கடை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. வெளிநாட்டுக்குப் போன் கோல் எடுக்க இரண்டு கண்ணாடிக் கூண்டு, ஒரு போட்டோகொப்பி மெசின், இன்டர்நெட் பார்க்க மூன்று கொம்பியூட்டர். அந்த நாட்களில் கடை சந்தை மாதிரி இருந்தது. நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர், சப்பாத்தில் சேற்றோடு அவர்களோடு வந்த பெடியன்கள், வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்குத் தான் உயிரோடு இருப்பதைச் சொல்ல வந்த தாய் தகப்பன். நான் தட்டில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் நடப்பேன். என் சுபாவம் அப்படி.

அன்று பூரணம் மாமி வந்தார். எங்கள் ஊர்தான், வடக்குப் பக்கம். "என்ட மகன் கொம்பியூட்டருக்குக் கடிதம் போட்டிருக்கானாம். எடுத்துத் தா தம்பி" என்றார். மகன் கட்டாரில் வேலை. சசித் தம்பி கடிதத்தைத் திறந்துவிட்டான். அதற்குள் கண்ணாடிக் கூண்டில் இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். "அக்கா, நீங்க வாசிச்சிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அங்கே ஓடினான்.

"எனக்கு இங்கிலிசு தெரியாது தம்பி."

"எழுத்துத்தான் இங்கிலிசு, உள்ளுக்க தமிழ்தான். ஏ பீ சீ தெரியும்தானே!"

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஏ பீ சீ தெரியும். ஆனால் நாலு பேர் முன்னால் சத்தமாக வாசித்துப் பழக்கமில்லை. பிழையாக வாசித்தால் சிரிப்பார்கள் என்று பயம். அதனால் முதலில் கடிதத்தை அடிவரைக்கும் உதட்டுக்குள்ளேயே வாசித்தேன். மாமி என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னகா, மந்திரம் ஓதிறியா? சத்தமாச் சொல்லு!"

பிறகு சத்தமாக வாசித்தேன். அம்மா நான் சுகம், கடல் வந்ததை டீவியில் கண்டு மூன்று நாள் சாப்பிடவில்லை, அம்மா உயிரோடு இருப்பதாகப் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன பிறகுதான் வேலைக்குப் போனேன், அக்கா வன்னியில் சுகம் என்று போன் எடுத்தாள். மாமி சீலைத் தலைப்பை வாயில் வைத்தார். பிறகு, "இன்னொருக்கா" என்றார். மூன்று தரம் வாசித்தேன். தேத்தண்ணி ஆறிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி படியேறும்போதே கேட்டார்: "அந்த வாசிக்கிற பொம்புள எங்க?"

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. அதுவரைக்கும் என்னை யாரும் எங்கே என்று கேட்டதில்லை.

2. நீல எழுத்து

கொஞ்ச நாளில் தேத்தண்ணி வேலை குறைந்து, இரண்டாம் நம்பர் கொம்பியூட்டர் கதிரை எனக்கு ஆனது. வாசிக்கத் தெரியாத ஆட்கள், கண் தெரியாத ஆட்கள், எழுத்துத் தெரிந்தும் கொம்பியூட்டருக்குப் பயந்த ஆட்கள் எல்லோரும் என்னிடம் வந்தார்கள்.

எனக்குத் தெரிந்தது நீல நிறத்தில் ஒரு இங்கிலிசு எழுத்து. அதில் இரண்டு தரம் தட்டினால் பக்கம் திறக்கும். அதற்கு பிரவுசர் என்று பெயர் இருப்பதும், அதைப்போல வேறு பிரவுசர்கள் இருப்பதும் எனக்குத் தெரியாது. இன்டர்நெட் என்றால் அந்த நீல எழுத்துத்தான் என்று இருந்தேன். மேலே உள்ள நீட்டுப் பெட்டியில் முதல் எழுத்தைப் போட்டால் மிச்சத்தை அதுவே போடும். மாமியின் ஈமெயில் பெயரில் ஓர் எழுத்தைத் தட்டினால் முழுப்பெயரும் விழும். பாஸ்வேர்ட் இருக்கும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள் தானாக நிரம்பும். சசித் தம்பி முதல் நாளே அப்படிச் சேமித்து வைத்திருந்தான். எனக்கு அது தெரியாது. இந்தப் பெட்டி என் ஆட்களை அடையாளம் கண்டுகொள்கிறது என்றுதான் நினைத்தேன். மற்ற இரண்டு கொம்பியூட்டரிலும் அந்த எழுத்தைத் தட்டினால் ஒன்றும் விழாது. அதனால் கடிதங்கள் இரண்டாம் நம்பர் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன என்று நம்பினேன்.

பூரணம் மாமியும் அப்படித்தான் நம்பினார். அந்தக் கதிரையில் வேறு ஆள் இருந்தால், எழும்பும்வரைக்கும் வாங்குப் பலகையில் காத்திருப்பார். கோயிலுக்குப் போய்விட்டு வரும் நாட்களில் பெட்டியின் தலையில் கொஞ்சம் திருநீறு பூசுவார். சசித் தம்பி கத்துவான்: "மாமி, உள்ளுக்க போனா மெசின் பழுதாப் போகும்!"

"என்ட புள்ள இருக்கிற இடம். உனக்கென்ன?" என்பார் மாமி.

நீல எழுத்தில் தொல்லையும் இருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்தால் கேட்காமலே விளம்பரங்கள் குதிக்கும். ஒன்றை மூடினால் இரண்டு வரும். ஒரு தரம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது வெட்கம் கெட்ட படம் ஒன்று திரை முழுக்கக் குதித்தது. நான் முந்தானையால் திரையை மூடிக்கொண்டு சசித் தம்பியைக் கூப்பிட்டேன். வாத்தியார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் அது என் பெட்டி. நல்லதும் கெட்டதும் எனக்குப் பழகியிருந்தது.

3. மலர்

படுவான்கரைப் பக்கம் சண்டை வந்து, சனம் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்த வருசம் மலர் கடைக்கு வந்தாள். ஊர் வெல்லாவெளி. புருஷனை இழந்தவள், ஒரு மகள். என்னை விடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். டவுனில் ஒரு டைப் அடிக்கும் கடையில் இருந்தவளாம். சசித் தம்பி மூன்றாம் நம்பர் கதிரையை அவளுக்குக் கொடுத்தான்.

அவள் சத்தமாகச் சிரிப்பாள். படியில் கால் வைக்கும் ஆளைப் பார்த்தே, "வாங்க மாமா, இண்டைக்கு மகளோடயா மருமகனோடயா சண்டை?" என்று கேட்பாள். ஆட்கள் கோபிக்க மாட்டார்கள். நான் அதையே சொன்னால் ஊரே கூடியிருக்கும்.

வந்த கிழமையே ஒரு பென் டிரைவைச் சொருகி என்னமோ ஏற்றினாள். நீல எழுத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு படம் வந்தது. உருண்டை உலகத்தைச் சுற்றி நெருப்பு நிறத்தில் ஒரு நரி சுருண்டு படுத்திருந்தது.

"இது என்னடி, நரியா நாயா?" என்று கேட்டேன்.

"நரிதான் அக்கா. புது பிரவுசர். உங்கட பெட்டியிலயும் போட்டுத் தரவா?"

"எனக்கு வேணாம். இரிக்கிறது நல்லாத்தான் ஓடுது."

"ஓடுதா? தவழுது அக்கா அது!" என்றாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சசித் தம்பியும் சிரித்தான். நான் எழும்பிப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன். யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் கண் என் திரையில் இருக்கவில்லை. அவளிடம் யார் போகிறார்கள், எத்தனை நேரம் இருக்கிறார்கள், என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பதே என் வேலையாகப் போயிற்று. அவள் வாசிக்கும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. திறந்த உடனே, கண் படும்போதே வாயும் படும். ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி. ஆட்களுக்கு அது பிடித்திருந்தது. என்னிடம் வந்தால் நான் முதலில் அடிவரைக்கும் வாய்க்குள் வாசித்து முடிக்கும்வரை இருக்க வேண்டும். "தெய்வானக்காட்ட போனா பொழுது பட்டிரும்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

4. என் பெட்டிக்குள் இருந்த கடிதம்

ஒரு வெள்ளிக்கிழமை நான் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என் கதிரையில் யாரோ ஒரு பெடியன் வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தான். பூரணம் மாமி வந்து வழக்கம்போல வாங்கில் இருந்தார். மலர் விடவில்லை.

"ஏன் மாமி காவல் இரிக்கிறீங்க? இஞ்ச வாங்க, நான் எடுத்துத் தாறன்."

"என்ட மகன்ட கடிதம் அந்தப் பெட்டிக்குள்ளதான் புள்ள கிடக்கு."

"எந்தப் பெட்டியிலயும் எடுக்கலாம் மாமி. மகன் பாஸ்வேர்ட் எண்டு ஒரு சொல் சொல்லித் தந்திருப்பாரே, பூட்டுத் திறப்பு மாதிரி?"

"அதுவா? அக்காட பேருதான் எண்டு சொன்னவன். சிவராணி."

நான் ஈரக்கையோடு முன்னுக்கு வரும்போது மாமியின் கடிதம் முழுவதும் மூன்றாம் நம்பர் பெட்டியில் வரிசையாக நின்றது. நான் வாசித்த பழைய கடிதங்களும் நின்றன. கடல் வந்த காலத்துக் கடிதம் அடியில் கிடந்தது. மலர் புதுக் கடிதத்தை ரேடியோ மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள். மாமி சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருசத்துக்கு மேல் அந்தக் கடிதங்களை நான் காத்து வந்திருக்கிறேன். அந்தச் சொல்லை மாமியிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டிக்குத்தான் தெரியுமே! நேரே சசித் தம்பியிடம் போனேன்.

"தம்பி, அவள் என்ட பெட்டிக்குள்ள இருந்த கடிதத்த எடுத்திட்டாள்."

"எந்தக் கடிதம்?"

"பூரணம் மாமிட மகன்ட. எல்லாத்தையும். அந்த நரியால."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை என்று விளங்கியதும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அக்கா, அது உங்கட பெட்டிக்குள்ள இல்ல! அமெரிக்காவிலயோ எங்கயோ கிடக்கு. நீங்க திறக்கிறது வெறும் யன்னல். மலர் வேற யன்னலால பாக்கிறாள். அவ்வளவுதான்."

"அமெரிக்காவில கிடக்கிறதுக்கு மாமி என்னத்துக்கு இஞ்ச திருநீறு பூசுறா?"

"அத மாமிட்டத்தான் கேக்கணும்!"

மலர் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் கதிரை வெறுமையாக இருந்தும் மாமி மூன்றாம் நம்பருக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "அவள் கெதியா வாசிக்கிறாள்கா, கோவியாத" என்றார். நான் கோபிக்கவில்லை என்றேன்.

5. மத்தியானம்

மத்தியானம் மலர் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவாள். சசித் தம்பியும் அந்த நேரம் வீட்டுக்குப் போவான். கடையில் நான் மட்டும். நான் சோற்றுப் பார்சலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதல் நாள் அவள் கதிரையில் இருந்தேன். அப்படி என்னதான் இந்த நரியிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். பழக அல்ல.

இரண்டு தரம் தட்டினேன். திறந்தது. ஒன்றும் குதிக்கவில்லை. ஒரு விளம்பரம் கூட இல்லை. காத்துக்கொண்டிருந்து பார்த்தேன், வரவில்லை. என் நீல எழுத்தில் பத்துப் பக்கம் திறந்தால் பத்தும் தனித்தனியாகத் திரையின் அடியில் நெருக்கிக்கொண்டு நிற்கும். இது எல்லாப் பக்கத்தையும் ஒரே சட்டத்துக்குள், கொப்பித்தாளின் ஓரத்தை மடித்து விட்ட மாதிரி வரிசையாக வைத்திருந்தது. ஒன்றைத் தொட்டால் அது முன்னுக்கு வந்தது.

பிறகு எழுத்து. கண் மங்கிய ஒரு ஐயாவுக்கு மலர் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியதைப் பார்த்திருந்தேன். எந்த விரல் எங்கே போனது என்று மனதில் இருந்தது. கொன்ட்ரோல் கட்டையை அமத்திக்கொண்டு கூட்டல் அடையாளத்தைத் தட்டினேன். எழுத்து வளர்ந்தது. இன்னொரு தரம் தட்டினேன், இன்னும் வளர்ந்தது. நான் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்து வாசித்துத் தலையிடியோடு வீட்டுக்குப் போகிறவள். இப்போது கதிரையில் சாய்ந்துகொண்டு வாசிக்கக் கூடியதாக இருந்தது.

நல்லதாக இருந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. உதவாத ஒன்றை அவள் வைத்திருந்தால் இரக்கப்பட்டிருப்பேன். அன்று சோறு இறங்கவில்லை.

ஆனாலும் அடுத்த நாளும் இருந்தேன். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் ஆட்கள் மரண அறிவித்தல் பார்க்கும் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். என் நீல எழுத்தில் அச்சடித்த மாதிரித் தெரியும் பக்கம், நரியில் கோழி கிளறின மண் மாதிரிக் கிடந்தது. ஒரு தமிழ் எழுத்து இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அன்று பார்சல் முழுவதையும் தின்றேன்.

பின்னேரம் சசித் தம்பியிடம், மலருக்குக் கேட்கும்படியாக, "தம்பி, அந்த நரிக்குத் தமிழ் தெரியாது போல?" என்றேன்.

மலர் வந்து பார்த்தாள். "ஓம் அக்கா, பொன்ட் இல்ல" என்றாள். எங்கோ தேடி எழுத்தை இறக்கினாள். இரண்டு நாளில் பக்கம் சரியாகத் தெரிந்தது. "நல்ல நேரம் சொன்னீங்க. ஆக்கள் கேட்டிருந்தா முழுசியிருப்பன்" என்று எனக்கு நன்றி வேறு சொன்னாள். என் சந்தோசம் இரண்டு நாள்தான்.

6. ஒராள்தான்

பிறகு ஆட்கள் குறைந்தார்கள். எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. கண்ணாடிக் கூண்டுகளில் சசித் தம்பி காகிதக்கட்டு அடுக்கினான். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டு வந்த காலம். எங்கள் பக்கமும் பொழுதுபடும் முன் ரோட்டில் ஆள் இருக்காது.

ஒரு நாள் அவன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டான். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "கோவியாதிங்க. வார மாசத்தில இருந்து ஒராளத்தான் வச்சிருக்கேலும். யார் எண்டு என்னால சொல்லேலா. நீங்க ரெண்டு பேரும் பறைஞ்சி ஒரு முடிவு சொல்லுங்க."

நாங்கள் பேசி முடிவெடுக்கவில்லை. அவள் தன் கதிரைக்குப் போனாள், நான் என் கதிரைக்கு. நிவாரணத்தில் எனக்குக் கிடைத்த புதுவீடு இரண்டு அறை, அதற்குள் நான் ஒருத்தி. கடை இல்லாவிட்டால் காலையில் எழும்பி என்ன செய்வது என்று தெரியாது. அவளுக்கு வெல்லாவெளியில் வேலி கூட மிச்சமில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் போக வேண்டும் என்றுதான் பிள்ளையாரிடம் கேட்டேன். அவள் என்ன கேட்டாள் என்று தெரியாது.

பூரணம் மாமி அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை பார்த்து வரவில்லை. தினம் வந்தார். மகள் சிவராணி வன்னியில் கலியாணம் முடித்தவள், அவளுக்கு ஒரு சின்ன மகள். தை மாதத்துக்குப் பிறகு அவளிடம் இருந்து ஒரு சொல்லும் இல்லை. மகன் கட்டாரில் இருந்து தெரிந்த ஆட்கள் எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தான். மாமி வந்து மலரின் பக்கத்தில் இருப்பார். மலர் திறந்து பார்த்து, "இல்ல மாமி, இன்னும் வரல்ல" என்பாள். மாமி எழும்பிப் போவார். அந்த இரண்டு சொல்லைக் கேட்கவாவது என்னிடம் வரக்கூடாதா என்று இருக்கும் எனக்கு. அப்படிப்பட்ட நேரத்திலும் எனக்கு அதுதான் இருந்தது.

7. மறுகா?

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லிச் சில நாள். ரோட்டில் யாரோ வெடி கொளுத்தினார்கள். மாமி வந்தார். மலர் திறந்தாள்.

"வந்திரிக்கு மாமி!"

கண் பட்டதும் வாய் பட்டது. மகன் எழுதியிருந்தான்: அம்மா, மனதைத் தைரியமாக வைத்திருங்கள், அத்தான் செல் குண்டு பட்டு...

மலர் வாசிப்பை நிறுத்திவிட்டாள். அவள் வாய் திறந்தபடி இருந்தது. மாமி அவளுடைய கையைப் பிடித்தார்.

"மறுகா? பிறகு என்ன புள்ள? என்ட மகள்?"

மலர் திரையைப் பார்த்தாள். அடுத்த வரி அவள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அவளால் முடியவில்லை. கையை உருவிக்கொண்டு எழும்பிப் பின்பக்கம் ஓடினாள். கதிரை விழுந்தது.

மாமி என்னைப் பார்த்தார். "தெய்வான! மறுகா என்ன? வாசிகா!"

கதிரையை நிமிர்த்தி இருந்தேன். நரிதான் திறந்திருந்தது. எழுத்துப் பெரிதாக இருந்தது. மவுஸின் சில்லை உருட்டி உருட்டி அடிக்குப் போனேன். முதல் நாள் போல உதட்டுக்குள் வாசித்தேன். மாமி என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தரம் மந்திரமா என்று கேட்கவில்லை.

அடியில் இருந்ததை முதலில் வாசித்தேன். "அக்காவும் சின்னவளும் இருக்கிறார்கள். வவுனியாவில் முகாமில் இருக்கிறார்கள். கண்டு கதைத்த ஆள் எனக்குப் போன் எடுத்தார். அக்காவின் காலில் காயம். மருந்து கட்டியிருக்கிறது. நடக்கிறாள்."

"இரிக்காளா?"

"இரிக்கா மாமி. சின்னவளும் இரிக்காள்."

"நடக்கிறாளா?"

"நடக்கிறாவாம்."

அதை நாலைந்து தரம் வாசித்தேன். மாமி நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு நானும் நிலத்தில் இருந்து, அவருடைய கையை என் மடியில் வைத்துக்கொண்டு, மேலே இருந்ததைச் சொன்னேன். மருமகனைச் சொன்னேன். அதற்குத் திரை தேவைப்படவில்லை.

மாமி அழுதார். கனநேரம் அழுதார். நான் இருந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் ஒரு மூலையில், கடைசியில் என்னிடம்தான் வந்தார் என்று ஒன்று தலையெடுத்தது. அதை அமத்தப் பார்த்தேன். அமத்தத் தேவை வரவில்லை. மாமி மூக்கைச் சீலையால் துடைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது:

"மலர் எங்க? அந்தப் புள்ளயும் புருசனப் பறிகுடுத்தது. ஓடிச்சே... போய்ப் பாருகா."

8. கேத்தலடி

மலர் கேத்தலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

"சிவராணி இரிக்காள்" என்றேன்.

முகத்தை மூடிக்கொண்டாள். "என்ட அவர்ர சங்கதியையும் இப்பிடித்தான் ஒராள் நடுரோட்டில வச்சிச் சத்தமாச் சொன்னார். அதையே நானும் மாமிக்குச் செய்திட்டன்" என்றாள்.

"நீ தெரிஞ்சா செய்த?"

"நீங்க முதல்ல அடிவரைக்கும் பாக்கிறீங்களே, அது ஏன் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் விளங்குது."

"அது ஒண்ணுமில்லடி. பயத்தில பழகினது" என்றேன். உண்மை அதுதான்.

அவள் அழுகைக்குள்ளேயே சிரித்தாள். "நரிய நல்லாத்தான் ஓட்டுறீங்க அக்கா."

எனக்கு முகம் சுட்டது. "எங்க? நான் இண்டைக்குத்தான்..."

"நான் சோறு தின்னப் போற நேரம் தினம் திறந்து பாக்கிறீங்க. எனக்குத் தெரியாதா? வந்து பாத்தா எழுத்தெல்லாம் பூசணிக்கா மாதிரிக் கிடக்கும். ஒருக்கா பெருசாக்கினா அது அப்பிடியே வச்சிருக்கும். உங்களுக்குச் சின்னதாக்கத் தெரியாது."

"நீ ஏன் சின்னதாக்கல்ல?"

"நாளைக்கும் நீங்க பாப்பீங்கதானே" என்றாள். "காட்டித் தரவா எண்டு கேட்டா எழும்பிக் கேத்தல் வைக்கப் போயிருவீங்க. அதான் சும்மா இருந்திட்டன்."

நான் அவளை எரிச்சலோடு பார்த்திருந்த இத்தனை நாளும் அவள் எனக்காக எழுத்தைப் பெரிதாகவே விட்டு வைத்திருக்கிறாள். அதிலும் என்னைத் தோற்கடித்துவிட்டாள். அடுப்பை மூட்டினேன். மூன்று பேருக்குத் தேத்தண்ணி போட்டேன்.

பின்னேரம் இரண்டு பேரும் சேர்ந்து சசித் தம்பியிடம் போனோம். மலர்தான் பேசினாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். "ஒராள்தான் வேணும் எண்டீங்க. ஒராள்தான் இரிப்பம். காலத்தால நான், மத்தியானத்துக்குப் பிறகு அக்கா. உங்களுக்கு ஒராள்ர சம்பளம்." அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "சண்டை பிடிப்பீங்க எண்டு நினைச்சன்" என்றான்.

"அது நாங்க பிடிக்கிறதுதான்" என்றாள் மலர்.

கடையை ஒரேயடியாக மூடும்வரைக்கும் அப்படியே இருந்தோம். என் பெட்டியிலும் அவளே நரியை ஏற்றித் தந்தாள். நீல எழுத்தை நான் அழிக்கவில்லை. திருநீறு பூசின பெட்டி அல்லவா! பூரணம் மாமி வெள்ளிக்கிழமை சரியாக மத்தியானம் வருவார். மலர் எழும்பி நான் இருக்கும் நேரம். மலர் திறப்பாள், நான் அடிவரைக்கும் பார்த்து வாசிப்பேன். மாமி படியேறும்போது முதலில் யாரைப் பார்க்கிறார் என்று நான் கடைசி நாள்வரைக்கும் கவனித்தேன். பெரும்பாலும் மலரைத்தான்.

இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு எழுதித் தரும்படி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டதால் எழுதுகிறேன். என்னிடம் இரண்டு விசயம்தான் இருக்கிறது. ஒன்று, அடுத்தவருடைய செய்தி உங்கள் கையில் வந்தால் கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள். மற்றது பொறாமை. அது வேண்டாம் என்று சொல்ல நான் ஆள் இல்லை. எனக்கு இன்றும் உண்டு. மலர் இப்போது பேரப்பிள்ளையோடு படம் எடுத்து அனுப்புகிறாள், அதைப் பார்த்தாலும் வருகிறது. ஆனால் அவளைப் பார்த்து எரிந்த எரிச்சலில்தான் அந்த மத்தியானங்களில் நரியைத் திறந்தேன். நல்ல மனதோடு இருந்திருந்தால் நீல எழுத்தோடு நின்றிருப்பேன். மாமி "வாசிகா" என்று கேட்ட அன்று கை தடுமாறியிருக்கும். எரிச்சலோடு பழகியது என்று எழுத்துக்குத் தெரியாது. அது பெரிதாகத்தான் தெரிந்தது.